‘டக்’ சத்தத்தையும் குறித்து வையுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கம்பியை இழுத்துப் பார்க்கும்போதும் கான்கிரீட் க்யூபை நசுக்கிப் பார்க்கும்போதும் பக்கத்தில் ஒரு செல்போன் ஓடிக்கொண்டிருப்பது இப்போது எல்லாச் சோதனைக்கூடத்திலும் சாதாரணமாகிவிட்டது. எடுத்த வீடியோவில் எந்த இடத்தைக் குறித்து வைப்பது, எப்போது குறிப்பது, குறித்ததை அப்புறம் திருத்தலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: சார், பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்ஓஎம் (பொருள்களின் வலிமை) லேப்பில் 16 மி.மீ. டிஎம்டி கம்பியை (கான்கிரீட்டுக்குள் போடும் முறுக்குக் கம்பி) யுடிஎம் என்ற இழுவைச் சோதனை மெஷினில் இழுக்கும்போது வீடியோ எடுத்து, முக்கியமான இடங்களை நேரத்தோடு குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் ஈல்டு (கம்பி இளகி நிரந்தரமாக நீளத் தொடங்குவது), அல்டிமேட் (அதிகபட்ச லோடு), பிரேக் (அறுவது) என்று மூன்றைத்தான் குறிக்கிறோம். அது போதுமா?
— மாணவர், திண்டுக்கல்

பதில்: போதாது தம்பி. நீங்கள் சொன்ன மூன்றும் லோடு வரைபடத்திலேயே இருக்கின்றன, அதற்காக வீடியோ எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வரைபடத்தில் விழாத விஷயங்களைப் பிடிக்கத்தான் கேமரா.

கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஜாவுக்குள் மாட்டுவதற்கு முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். 16 மி.மீ. கம்பிக்குக் கேஜ் நீளம் (நீட்சியை அளக்க எடுத்துக்கொள்ளும் நீளம்) விட்டத்தைப் போல 5 மடங்கு, அதாவது 80 மி.மீ. வழக்கமாக இரண்டு முனைக்கும் இரண்டு டாட் பஞ்ச் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் செய்யாமல் கம்பியின் நீளத்துக்கும் 10 மி.மீ.க்கு ஒன்றாகப் புள்ளி வைத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி எந்த இடத்தில் அறும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஓரத்துப் புள்ளிக்குப் பக்கத்தில், கேஜ் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் அறுந்தால் நீட்சிக் கணக்கே கேள்விக்குள்ளாகிவிடும். வரிசையாகப் புள்ளி இருந்தால் அறுந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அப்புறமும் அளக்க வழி இருக்கிறது. பொருளின் மேலேயே வைக்கிற இந்தப் புள்ளிகளும் பதிவில் வைக்கிற குறிகள்தான், முதலாவது குறியும் இதுதான்.

லோடு ஏறத் தொடங்கியதும் பெரிதாக ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஜாவின் பற்கள் கம்பியைக் கவ்வி உட்காருகின்றன, சின்னச் சின்னச் சத்தங்கள் வரும். ஒவ்வொன்றையும் குறியுங்கள். ஈல்டு நெருங்கும்போது கேமரா கம்பியின் நடுப்பகுதியைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஆலையிலிருந்து வந்த கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் அந்தக் கருநீலச் செதில் ஈல்டு ஆகும்போது பொலபொலவென உதிரத் தொடங்கும். உலோகம் நீள்கிறது, செதில் கூடவே நீள முடியாமல் வெடித்து விழுகிறது. சில கம்பிகளில் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை உதிர்வு நகர்ந்து போவதைக்கூடப் பார்க்கலாம், தகைவு-திரிபு வரைபடத்தில் (ச.மி.மீ.க்கு எவ்வளவு விசை, அதற்கு எவ்வளவு நீட்சி என்று காட்டுவது) கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடுகிற நேரமும் அதே நேரம்தான். டயல் உள்ள பழைய மெஷின் என்றால் கறுப்பு முள் தயங்கி நிற்கும், சில சமயம் லேசாகப் பின்னால் வரும், அது தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்ட சிவப்பு முள் எட்டிய இடத்திலேயே நிற்கும். இந்த இரண்டு முள்ளும் செதில் உதிர்வும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி கேமராவை வைக்க முடிந்தால் அதைவிட நல்ல பதிவு கிடையாது.

அடுத்தது கழுத்து விழுவது. அதிகபட்ச லோடைத் தாண்டியதும் ஓரிடம் மட்டும் மெலியும், கண்ணுக்கு முதன்முதலில் எப்போது தெரிகிறதோ அப்போது ஒரு குறி. அறும்போது ஒரு குறி. அறுந்த பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து ஸ்கேலோடு ஒரு படம்.

இன்னொன்று, குறிக்குப் பக்கத்தில் எழுதும் வார்த்தை. “ஈல்டு” என்று எழுதாதீர்கள். “முள் நின்றது, நடுவில் செதில் உதிர்ந்தது” என்று எழுதுங்கள். ஈல்டு என்பது நீங்கள் வந்து சேர்ந்த முடிவு, முள் நின்றது என்பது நீங்கள் பார்த்தது. முடிவு தப்பாகப் போகலாம். பார்த்ததை நேர்மையாக எழுதி வைத்திருந்தால் வேறு ஒருவர் அதிலிருந்து சரியான முடிவுக்கு வர முடியும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அடுத்த கடிதத்தைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

கேள்வி: சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். வந்து இறங்கிய எஃப்ஈ 500டி கம்பியில் 16 மி.மீ. மாதிரி ஒன்றை வெளியில் சோதனைக்குக் கொடுத்தோம். ஈல்டு ச.மி.மீ.க்கு 289 நியூட்டன், அதிகபட்சம் 632 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஓனர் முழு லோடையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார். டெஸ்ட் நடந்தபோது எங்கள் பையன் வீடியோ எடுத்திருக்கிறான். அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா சார்?
— வாசகர், ஓசூர்

பதில்: திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அந்த வீடியோவை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், பார்ப்பது அப்புறம்.

எஃப்ஈ 500டி தரக் கம்பிக்கு ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது 500 ஈல்டு, 565 அதிகபட்ச இழுவிசை, அதுவும் ஈல்டைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும், நீட்சி 16 சதவீதம். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. 632 வரை தாங்குகிற டிஎம்டி கம்பி 289-லேயே ஈல்டு ஆவது, அதாவது அதிகபட்சத்தில் பாதிகூட வராமல் இளகுவது, எனக்கு நம்பும்படியாக இல்லை. 16 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 201 ச.மி.மீ., ஆக 289 என்பது சுமார் 58 கிலோநியூட்டன் லோடு. அந்த 58-இல் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் ஜா வழுக்கியிருக்கும். ஆப்பு மாதிரி உள்ள ஜாவில் லோடு ஏற ஏறப் பிடி இறுகும், ஆனால் பற்களின் இடுக்கில் முந்தைய கம்பிகளின் செதில் தூள் அடைத்துக்கொண்டிருந்தால் பல் சரியாகக் கடிக்காமல் கம்பி ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. சறுக்கிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், லோடு சட்டென்று இறங்கும், உடனே மறுபடி ஏறும். வரைபடத்தில் இது பார்ப்பதற்கு மேல் ஈல்டு, கீழ் ஈல்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கும் படத்தைப் போலவே இருக்கும். பல மென்பொருட்கள் முதலில் வருகிற சரிவை ஈல்டு என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றவர் கவனிக்காவிட்டால் அது அப்படியே ரிப்போர்ட்டாக அச்சாகிவிடும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சரிவுக்கு அப்புறம் கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வழுக்கல் என்றால் முன்பு இருந்த அதே சாய்வில், முன்பு போலவே நேராக ஏறும், ஏனென்றால் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, பிடிதான் நகர்ந்தது. உண்மையான ஈல்டு என்றால் லோடு அங்கேயே தங்கும், நீளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு ஏறினாலும் வளைந்துதான் ஏறும், பழைய சாய்வுக்குத் திரும்பவே திரும்பாது. எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், ஜா வழுக்கியபோது கம்பியின் மேல் மாட்டியிருக்கும் அந்தக் கருவி நீட்சி எதையும் காட்டியிருக்காது. இதோடு வீடியோவில் 58 கிலோநியூட்டன் வந்த நேரத்தில் செதில் உதிர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். நூற்றைத் தாண்டிய பிறகுதான் உதிர்கிறது என்றால் உங்கள் கம்பியின் ஈல்டு அங்கேதான் இருக்கிறது. கடைசியாக, அந்தத் துண்டு இன்னும் இருந்தால் ஜா பிடித்த இடத்தைப் பாருங்கள், சுத்தமாகக் கடித்த தடம் பல்பல்லாக இருக்கும், வழுக்கிய தடம் இழுபட்ட கீறலாக நீண்டிருக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, வீடியோவோடு சோதனைக்கூடத்துக்குப் போய் மூல டேட்டாவைக் கேளுங்கள், அதே லாட்டிலிருந்து வேறு மாதிரி எடுத்து, ஜாவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். வீடியோவை வைத்து மட்டும் கம்பி பாஸ் என்று நீங்களும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஒரு லாரிக் கம்பியின் தலையெழுத்தை ஒரு ‘டக்’ சத்தம் தீர்மானிக்க விடுவது அநியாயம். அந்தச் சத்தம் வந்த நொடியில் பக்கத்தில் இருந்தவர் “58-இல் சத்தம், மேல் ஜா” என்று நான்கு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: சோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் மென்பொருளில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த நேரத்தில் வரைபடத்திலும் வீடியோவிலும் குறி விழும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் குறி கொஞ்சம் தள்ளித்தான் விழுகிறது. பிறகு உட்கார்ந்து அதை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: நகர்த்தாதீர்கள் அம்மா. பழைய குறி அப்படியே இருக்கட்டும், சரியான இடம் என்று நீங்கள் நினைப்பதில் இரண்டாவதாக ஒரு குறி வையுங்கள், “பிறகு வைத்தது” என்று எழுதி, யார் வைத்தது, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துவிடுங்கள். முதல் குறிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது: சோதனை நடக்கும்போதே, முடிவு என்ன வரப்போகிறது என்று தெரியாத நேரத்தில், ஒரு மனிதர் அங்கே ஏதோ நடந்தது என்று கவனித்திருக்கிறார். பிறகு உட்கார்ந்து வைக்கிற குறி முடிவு தெரிந்த பிறகு வைப்பது. இரண்டும் வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அது எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குக் கால் நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்சி எல்லைக்குள் (லோடை எடுத்தால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பும் வரை) தகைவை நொடிக்கு ச.மி.மீ.க்கு 10 நியூட்டன் என்ற வேகத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால் கால் நொடியில் 2.5 கூடிவிடும். 500-க்கு அது அரை சதவீதம்தான். அதே வேலையை நொடிக்கு 60 என்று, எஃகுக்கு அனுமதிக்கப்பட்ட வேகத்தின் மேல் எல்லையில் செய்தால் கால் நொடியில் 15 ஓடிவிடும், அது சின்ன விஷயமில்லை. ஆக நுணுக்கமாகக் கவனிக்க வேண்டிய சோதனையை மெதுவாக ஓட்டுங்கள், விரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வரைபடத்தில் எந்த இடம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஈல்டு படுக்கையாக ஓடும்போது ஒரு நொடி தாமதமானாலும் லோடு அதேதான். அதிகபட்ச லோடு வரும் உச்சியும் தட்டையானது, லோடு எண் கெடாது, ஆனால் அந்தப் புள்ளியில் எவ்வளவு நீட்சி என்று கேட்டால் நன்றாகவே தப்பும். அறுந்த நொடிக்குப் பிறகு வைக்கிற குறி மட்டும் நேராகப் பூஜ்ய லோடில் போய் உட்காரும், அங்கே பின்னோக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 0.2 சதவீத ப்ரூஃப் தகைவுக்கு, அதாவது கம்பி 0.2 சதவீதம் நிரந்தரமாக நீளும் தகைவுக்கு, பட்டனே கிடையாது. 80 மி.மீ. கேஜில் அது 0.16 மி.மீ. நிரந்தர நீட்சி, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ்டென்சோமீட்டர் டேட்டாவிலிருந்து இணைகோடு போட்டுத்தான் எடுக்க முடியும், அதை “நேரில் பார்த்த குறி” என்று யாராவது வைத்திருந்தால் நம்பாதீர்கள்.

தாளில் பேனா ஓடிய காலத்திலும் இதே தலைவலி இருந்தது. இரண்டு பேனா உள்ள ரெக்கார்டரில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இரண்டையும் கொஞ்சம் முன்பின்னாக மாட்டியிருப்பார்கள், அதனால் ஒரே நொடியில் நடந்தது தாளில் இரண்டு இடத்தில் விழும். விவரம் தெரிந்தவர்கள் தாளின் ஓரத்திலேயே அந்த இடைவெளியை எழுதி வைப்பார்கள். உங்கள் கால் நொடியையும் அப்படி வெளிப்படையாக எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வீடியோ செல்போனில், லோடு டேட்டா கம்ப்யூட்டரில். இரண்டின் நேரமும் ஒட்டவில்லை. என்ன செய்வது?
— வாசகர், சேலம்

பதில்: இரண்டிலும் பதிவாகிற ஒரே சம்பவத்தை நீங்களே உண்டாக்குங்கள். லோடைப் பதிவு செய்யும் டேட்டா லாகரில் ஒரு சேனலை எல்இடி விளக்கோடு இணைத்து, அது எரிவது கேமராவில் தெரியும்படி வைத்தால் முடிந்தது. அந்த வசதி இல்லையென்றால் லோடு காட்டும் திரை ஃபிரேமுக்குள் வரும்படி வையுங்கள், அதுவே பெரிய உதவி. தொடக்கத்தில் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை என்று இரண்டு முறை ஒட்டிப் பாருங்கள். செல்போன் வீடியோவில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்பது நிலையாக இருப்பதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்துக் கூடிக் குறையும். அதனால் ஃபிரேமை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள், வீடியோவில் பதிவான நேரத்தையே எடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 40 மில்லிநொடி, கம்பி அறுவது அதற்குள் முடிந்துவிடும். ஆகவே “இந்த ஃபிரேமில் அறவில்லை, அடுத்ததில் அறுந்திருக்கிறது” என்பதற்கு மேல் சாதாரண வீடியோவை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.

போனை ஸ்டாண்டில் வையுங்கள். அறும் நேரத்தில் கையில் பிடித்துக்கொண்டு கிட்டே குனிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உயிரே போகிறது. தடுப்புக் கதவை மூடிவிட்டு வெளியிலிருந்து எடுத்தாலே போதும்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். ரீஇன்ஃபோர்ஸ்டு கான்கிரீட் பீமை வளைத்துச் சோதிக்கிறேன், சுமார் இரண்டு மணி நேர வீடியோ. விரிசல்களை வீடியோவில் குறிக்கலாமா, பீமின் மேலேயே குறிக்க வேண்டுமா? முதல் விரிசல் எது என்பதில் எனக்கும் என் கைடுக்கும் ஒத்துப்போகவில்லை.
— வாசகி, சென்னை

பதில்: பீமின் மேல் குறிப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. முந்தின நாளே பக்கவாட்டில் வெள்ளையடித்துக் காயவிடுங்கள், மெல்லிய ஒரு பூச்சுப் போதும், கனமாக அடித்தால் பூச்சே விரிசலை மூடிக்கொள்ளும். அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் படத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க எளிது. லோடைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, விரிசலை அது போன வழியிலேயே மார்க்கரால் தொடர்ந்து வந்து, அது நிற்கிற நுனியில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் லோடை எழுதுங்கள். 20, 30, 40 என்று எண்கள் கீழிருந்து மேலே ஏறிப் போவதைப் பார்த்தாலே அந்த பீம் எப்படி உடைந்தது என்ற கதை முழுக்கத் தெரிந்துவிடும். நல்ல கட்டமைப்புச் சோதனைக்கூடங்களில் உடைந்த பீம் வெளியே கிடக்கும்போதுகூட அதைப் படித்துவிடலாம். விரிசலின் மேலேயே மை தேய்க்காமல் ஒரு மி.மீ. ஒதுங்கிக் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் அகலம் அளக்கும்போது மையை அளந்துகொண்டிருப்பீர்கள். பெயிலியர் நெருங்கும்போது கிட்டே போய் எழுதக் கூடாது, எந்த லோடு வரைதான் அருகில் போவது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீடியோவில் என்ன குறிப்பது என்றால், நீங்கள் பீமின் மேல் எழுதிய ஒவ்வொரு நேரத்தையும், லோடை நிறுத்தி வைத்திருந்த நேரங்களையும். நிறுத்தி வைத்திருக்கும்போது லோடு தானாகக் கொஞ்சம் இறங்கும், வரைபடத்தில் பல்பல்லாகத் தெரியும். அது ஏன் என்று ஆறு மாதம் கழித்து ஆய்வேடு எழுதும்போது மறந்திருப்பீர்கள்.

உங்கள் கைடோடு நடக்கும் வாக்குவாதத்துக்கு வருகிறேன். இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. கான்கிரீட் இழுவிசையில் விட்டுக்கொடுக்கும் நேரம் ஒன்று, அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும் அளவு அகலமாகும் நேரம் இன்னொன்று. முதலாவது லோடு-வளைவு வரைபடத்தில் சாய்வு மாறும் இடத்திலும், அடியில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை அளக்கும் சின்னக் கருவி) திடீரென எகிறுவதிலும் தெரியும். இரண்டாவது உங்கள் கண்ணில். கண்ணில் பட்டது எப்போதும் பிந்தித்தான் வரும், லைட் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் “முதல் விரிசல்” என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் வைக்காதீர்கள். “சாய்வு மாறியது”, “கேஜ் 3 எகிறியது”, “முதலில் கண்ணுக்குத் தெரிந்தது, இடது லோடு புள்ளிக்குக் கீழே” என்று மூன்று தனிக் குறிகள். ஆய்வேட்டில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டால் வாக்குவாதம் முடிந்தது.

கேள்வி: வீடு கட்டுகிறோம். க்யூப் டெஸ்ட் நடக்கும்போது நேரில் வரலாம் என்றார்கள். எனக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியாது. போனில் எடுத்தால் உதவுமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாகப் போங்கள், அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் க்யூபில் எழுதியிருக்கும் தேதியையும் எண்ணையும் எடுத்துவிடுங்கள், அது உங்கள் வீட்டுக் கான்கிரீட்தானா என்பதற்கு அதுதான் சாட்சி. 150 மி.மீ. க்யூபை மெஷினில் வைக்கும்போது வார்த்தபோது மேலே இருந்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும், மேலே இருந்தால் கேளுங்கள். லோடு ஏறத் தொடங்கிய நேரத்தையும் உடைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் 516 சொல்கிற வேகம் நிமிடத்துக்கு ச.மி.மீ.க்கு 14 நியூட்டன், அதன்படி எம்25 (ச.மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய தரம்) க்யூப் 25-ஐத் தொட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அரை நிமிடத்தில் உடைந்து 25 என்று எழுதினால் லோடை அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள், அவசரமாக ஏற்றினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். உடைந்த பிறகு நான்கு பக்கமும் படம் எடுங்கள். நான்கு பக்கமும் ஏறக்குறைய சமமாக வெடித்து, நடு இடுப்பு ஒடுங்கி நின்றால் சரியான உடைப்பு. ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருந்தால் க்யூப் சாய்வாக உட்கார்ந்திருக்கலாம், முகம் சமமில்லாமல் இருந்திருக்கலாம், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று க்யூபின் சராசரியிலிருந்து எதுவும் 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட் நான். வீடியோ இல்லாத காலத்திலும் உலகத்தில் பாலமும் விமானமும் கட்டினார்கள், சோதித்தார்கள். இவ்வளவு மெனக்கெடல் உண்மையிலேயே தேவையா ஐயா?
— வாசகர், திருச்சி

பதில்: ஐயா, அந்தக் காலத்தில் மெனக்கெடல் இன்னும் அதிகம், அது கையால் நடந்தது, அவ்வளவுதான். லண்டனில் சதர்க் தெருவில் டேவிட் கிர்கால்டி 1874-இல் திறந்த சோதனைக்கூடம் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. வாசல் மேல் ‘கருத்துகள் வேண்டாம், உண்மைகள்’ என்ற பொருளில் கல்லில் பொறித்து வைத்தார். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே பாலம் ரயிலோடு விழுந்த பிறகு அதன் இரும்புத் துண்டுகள் அவரிடம்தான் சோதனைக்கு வந்தன. உடைந்த துண்டுகளை அவர் எறியாமல் காட்சிக்கு அடுக்கி வைத்தார். எண்ணில் யாருக்காவது சந்தேகம் வந்தால் உடைந்த முகத்தையே பார்த்துக்கொள்ளலாம் இல்லையா, இன்று நாம் பதிவைப் பாதுகாக்கச் சொல்வதும் அதற்குத்தான்.

விமானம் என்றீர்கள், அதற்கும் ஒன்று சொல்கிறேன். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதும், அதே ரக விமானம் ஒன்றை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பயணத்திலும் ஏறி இறங்குகிற அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பறந்த பயணங்கள் 1,221, தொட்டிக்குள் கொடுத்தது 1,836, மொத்தம் 3,057-இல் உடல் பிளந்தது. காற்றை நிரப்பியிருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும், எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. தண்ணீர் அமுங்காது, பிளந்ததும் அழுத்தம் உடனே இறங்கிவிடும், விரிசல் தொடங்கிய மூலை அப்படியே நிற்கும். அதாவது உடையும் இடத்தைத் தன்னாலேயே குறித்துக் காட்டும்படி சோதனையையே அமைத்தார்கள். எத்தனை மனிதர்கள் செத்த பிறகு அந்த மூலை கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைத்தால், ஒரு கம்பி டெஸ்டில் நான்கு வார்த்தை கூடுதலாக எழுதுவது எனக்கு மெனக்கெடலாகத் தோன்றவில்லை.

கேள்வி: வீடியோ இடத்தை அடைக்கிறது. குறித்த இடங்களை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசை அழிக்காதீர்கள். குறி வைத்த இடங்கள் உங்களுக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டவை. நாளைக்கு ஒருவர் வந்து 58 கிலோநியூட்டனில் என்ன நடந்தது என்று கேட்டால், அங்கே நீங்கள் குறியே வைக்காமல் இருந்திருக்கலாம். தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சுருக்கி வைக்கலாம், சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஃபைல் பெயரில் மாதிரி எண்ணும் தேதியும் இருக்கட்டும், குறிகளைத் தனியாக ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் நேரத்தோடு எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள், ஏனென்றால் மென்பொருள் மாறினால் அதற்குள் வைத்த குறிகள் திறக்காமல் போய்விடும். எவ்வளவு காலம் என்று கேட்டால், ரிப்போர்ட்டை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு காலம்.